காட்டு விலங்குகளோடு இருந்தவர்

தவக்காலம் முதல் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
(தொடக்கநூல் 9:8-15, 1 பேதுரு 3:18-22, மாற்கு 1:12-15)



ஆண்டவர் பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டதை மத்தேயுவும் லூக்காவும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கல்லை அப்பமாக்கச் சொன்னது, கோவில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது, உலகத்து அரசுகளையெல்லாம் காட்டியது என்று எல்லாம் அங்கே உண்டு. மாற்கு அதில் எதையும் எழுதவில்லை. சோதனைக்கு அவர் கொடுத்த இடம் இரண்டே வசனம். ஆனால் மற்ற இருவரும் சொல்லாத ஒன்றை அவர் மட்டும் சொல்கிறார். அந்த நாள்களில் இயேசு காட்டு விலங்குகளோடு இருந்தார் என்கிறார்.

இதைப் பல ஆண்டுகள் வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறோம். இன்று கொஞ்சம் நிற்போம். இயேசு அவற்றை அடக்கினார் என்று மாற்கு எழுதவில்லை. அவற்றுக்கு இரை போட்டார் என்றோ, அவை வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டன என்றோ எழுதவில்லை. விரட்டினார் என்றும் இல்லை. இருந்தார், அவ்வளவுதான். யூதேயப் பாலைநிலத்தில் அன்று சிறுத்தை உண்டு, ஓநாய் உண்டு, கழுதைப்புலி உண்டு. இரவில் அவற்றின் குரல் அவர் காதில் விழுந்திருக்கும். பகலில் எங்கோ ஒரு பாறை இடுக்கிலிருந்து அவை அவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். நற்செய்தி அறிவிக்கப் புறப்படுவதற்கு முன்னால் கடவுளின் மகனுக்குப் பக்கத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. விலங்குகள் இருந்தன, வானதூதர் இருந்தனர்.

காட்டு விலங்கோடு எப்படி இருப்பது என்பதை இந்தத் தவக்காலத்தில் ஆண்டவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நகரத்துப் பங்கில் இதைச் சொன்னால் அது ஏட்டுப் பேச்சாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் குடியிருக்கும் நமக்கு இது அன்றாடக் காரியம்.

முதல் வாசகத்தைப் பாருங்கள். வெள்ளம் வடிந்துவிட்டது. நோவா பேழையைவிட்டு இறங்கி நிற்கிறார். கடவுள் அவரோடு உடன்படிக்கை செய்கிறார். அவரோடு மட்டும் செய்திருந்தால் நமக்கு வியப்பில்லை. ஆபிரகாமோடும் மோசேயோடும் பிறகு செய்யப்போகிறவர்தானே. இங்கே அவர் உடன்படிக்கைக்குள் கூப்பிடுவது நோவாவை, அவருடைய வழிமரபை, பறவையை, கால்நடையை, காட்டு விலங்கை, பேழையிலிருந்து வெளியே வந்த அத்தனை உயிரையும். ஒருமுறை சொல்லிவிட்டு விடவில்லை. அந்தச் சில வரிகளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நோவா மறந்துவிடுவார் என்று பயந்ததுபோல, விலங்குகளையும் சேர்த்துத்தான் பேசுகிறேன் என்று அழுத்துகிறார். திருவிவிலியத்தில் விரிவாகச் சொல்லப்படும் முதல் உடன்படிக்கையில் யானையும் கட்சிக்காரர். நமக்குப் பக்கத்தில் நின்று அதே வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டது.

இரண்டாம் வாசகத்தில் பேதுரு அந்தப் பேழையையே மறுபடி நினைவூட்டுகிறார். எட்டுப் பேர் தண்ணீர் வழியாகக் காப்பாற்றப்பட்டார்கள், அது திருமுழுக்குக்கு முன்னடையாளம் என்கிறார். ஆக இன்றைய மூன்று வாசகங்களிலும் சேர்ந்து வருவது தண்ணீர், படகு, காட்டு விலங்கு. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் நமக்கு எங்கே என்று உங்களுக்கே தெரியும். கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தேக்கடிப் படகுத்துறை.

அந்த ஏரியைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறவர்கள். பேசவும் வேண்டும். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை, 1887-இல் தொடங்கி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை மறித்தது; அப்படித் தேங்கியதுதான் அந்த ஏரி. மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னி குவிக் பெயரைச் சொல்லாத வீடு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள் என்று பொங்கல் வைக்கிறோம். ஆனால் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து அந்த அணையைக் கட்டிய கூலியாட்களில் நூற்றுக்கணக்கானோர் மலேரியாவிலும் காலராவிலும் அங்கேயே செத்துப்போனார்கள். அவர்கள் புதைந்த இடம் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் பெயரில் பொங்கல் வைக்க யாரும் இல்லை. இன்றைய திருப்பலியில் இறந்தோரை நினைக்கும் நேரத்தில் அவர்களையும் மனத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அணை எழுந்தபோது செத்தது மனிதர்கள் மட்டுமா? அந்தப் பள்ளத்தில் இருந்த காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த மரங்களின் கறுத்த அடிமரங்கள் ஏரிக்கு நடுவில் தலைநீட்டிக்கொண்டு நிற்கின்றன. படகோட்டிகள் அவற்றுக்கு இடையே வழி பார்த்துத்தான் போகிறார்கள். அந்தப் பட்ட மரங்களின்மேல் இப்போது நீர்க்காகமும் பாம்புத்தாராவும் உட்கார்ந்திருக்கின்றன. மூழ்கி மீன் பிடிக்கிற அந்தப் பறவைகளின் இறகு தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால்தான் அவற்றால் ஆழத்துக்குப் போக முடிகிறது, அதனால்தான் மேலே வந்ததும் சிறகை விரித்து நெடுநேரம் வெயிலில் காயவேண்டியும் இருக்கிறது. மனிதன் மூழ்கடித்த காட்டின் மிச்சத்தில் கடவுள் தம் பறவைகளுக்கு உட்கார இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்த ஏரியில் யானையைவிட இதுதான் அதிகம் மனத்தில் நிற்கிறது.

இப்போது தவக்காலம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களில் விவசாயம் பார்க்கிறவர்கள் யோசித்ததுண்டா? நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல். அதற்கும், நாம் குடிப்பதற்கும், கீழே வைகைப் பாசனத்துக்கும் தண்ணீர் திறந்துவிட விட, மழையில் நிரம்பியிருந்த ஏரி மெல்ல இறங்குகிறது. நீர் வடிந்த ஈரக் கரையில் இளம்புல் முளைக்கிறது. காட்டுக்குள் ஓடைகள் வற்றுகிற மாதங்களும் இவைதான். புல்லுக்கும் தண்ணீருக்கும் யானைகள் கரைக்கு வருகின்றன, காட்டுமாடுகள் வருகின்றன, மிளா வருகிறது, காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு வந்து மண்ணைக் கிண்டுகின்றன. படகில் போகிறவர்களுக்கு விலங்குகள் அதிகம் கண்ணில் படுவது மார்ச், ஏப்ரலில் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இங்கே உன் வயலில் பாய்ந்த தண்ணீர் அங்கே ஒரு யானைக்குட்டி மேயும் புல்வெளியை விட்டுவிட்டு வந்திருக்கிறது. உடன்படிக்கை என்று தொடக்கநூல் சொல்வதை வேறு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. ஒரே தண்ணீரில் அவையும் நாமும் கட்டப்பட்டிருக்கிறோம்.

ஏரி சுமார் 26 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி 925 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம். அதில் பெரும்பகுதி மழைக்காடு. இவ்வளவு பெரிய காட்டின் ஓரத்தை ஒன்றரை மணி நேரம் படகில் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சொல்வது, "ஒண்ணுமே பாக்கல ஃபாதர், காசு வேஸ்ட்."

ஒன்றுமே பார்க்கவில்லையா? நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையோரம் மீன் விரட்டிக்கொண்டு போனது. மீன்கொத்தி செங்குத்தாக விழுந்து எழுந்தது. கருமந்திகள் மர உச்சியில் இலை பறித்துத் தின்றுகொண்டிருந்தன. புல்மேட்டில் நின்ற மிளா தலையைத் தூக்கிப் படகையே பார்த்தது. எங்கோ காட்டுக்குள் இருவாட்சி கத்திய சத்தம் தண்ணீர்மேல் பரவி வந்தது. ஆனால் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் மனத்தில் யானை என்று எழுதியிருந்தது, புலி என்று எழுதியிருந்தது. அது வரவில்லை என்றதும் மற்றதெல்லாம் கண்ணில் படாமலே போய்விட்டது. புலியைப் படகிலிருந்து பார்ப்பது மிக அரிது. புலி யாருக்கும் டிக்கெட் விற்கவில்லை. யானை உன்னிடம் கடன் படவில்லை.

நம் செபத்திலும் இதே நோய் உண்டு. கேட்டது கிடைத்ததா என்று மட்டும் பார்க்கிறோம். கேட்காமல் நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்ததை எண்ணுவதில்லை. வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னாரே ஆண்டவர் மலைப்பொழிவில், அது ஏதோ உவமைக்காகச் சொல்லிப்போன வார்த்தை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு கட்டளை. பார்க்கச் சொன்னார். சிட்டுக்குருவியை, காகத்தை, ஒன்றும் விசேஷமில்லாத பறவையை நின்று பார்க்கச் சொன்னார். அவற்றுக்கு உணவு தருகிறவர் யார் என்பது பார்க்கிறவனுக்குத்தான் விளங்கும்.

நோன்பு என்றால் நமக்கு வயிறு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. கண்ணுக்கும் நோன்பு உண்டு. தொலைபேசியில் கெட்டதைப் பார்க்காமல் இருப்பது ஒன்று. அதை நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. எதைப் பார்த்தாலும் அது எனக்காக வந்து நிற்க வேண்டும், என் பக்கம் திரும்ப வேண்டும், என் படத்தில் விழ வேண்டும் என்கிற பசியை அடக்குவது. உறவினர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களின் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தையை அம்மா மெல்லத் தொடையில் கிள்ளி உட்கார வைப்பாள். அந்த ஏரிக்கரையில் யானைகள் தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. படகில் நாம் எழுந்து நின்று கத்துகிறோம், விசில் அடிக்கிறோம், பாட்டை அலறவிடுகிறோம். கிள்ளி உட்கார வைக்க அங்கே அம்மா இல்லை. அதனால் இங்கே நான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்றைய வாசகத்துக்குச் சற்று முன்னால், அதே ஒன்பதாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், இனி எல்லா விலங்குக்கும் மனிதனைக் கண்டு அச்சம் உண்டாகும் என்று வருகிறது. உலகம் எங்கும் அது அப்படியே நடந்திருக்கிறது. காட்டில் மனித வாடை அடித்தாலே விலங்கு ஓடுகிறது. ஆனால் தேக்கடியில் படகு போகும்போது பெரும்பாலும் அந்த யானைகள் ஓடுவதில்லை. துதிக்கையைத் தூக்கி மோந்து பார்க்கும். காதை அசைக்கும். குட்டியைக் கொஞ்சம் நடுவில் தள்ளிக்கொள்ளும். பிறகு மேய ஆரம்பித்துவிடும். சில நேரம் கூட்டமே தண்ணீரில் இறங்கி, துதிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, அக்கரைக்கு நீந்திப் போகும்.

இது தானாக வந்ததா? திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1934-இல், ஏரியைச் சுற்றிய காடு விலங்குகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1978-இல் புலிகள் காப்பகமானது. படகிலிருந்து துப்பாக்கி வெடிக்காத காலம் தலைமுறை தலைமுறையாக நீண்டது. தாய் யானை கற்றதைக் குட்டி கற்றது. அந்தப் படகுச் சத்தத்தில் தீங்கு இல்லை என்று அவை நம்பத் தொடங்கின. நோவா காலத்தில் விழுந்த அச்சத்தை ஓர் ஏரிக்கரையில் கொஞ்சமாவது குறைக்க மனிதன் இத்தனை காலம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டி இருந்தது. எதையும் செய்து சாதித்த புகழ் இதில் யாருக்கும் கிடையாது. செய்யாமல் இருந்ததால் கிடைத்த சமாதானம் இது. இயேசு விலங்குகளோடு இருந்தார் என்று மாற்கு எழுதியதற்குக் கண்ணால் காணும் பொருள் ஒன்று வேண்டுமானால், என் அறிவுக்கு எட்டியவரை அது இதுதான்.

இந்த இடத்தில் ஒரு துயரத்தைப் பேசாமல் போக முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு அந்த ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் உண்டு. கரையில் விலங்குகளைக் கண்டதும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போனதால் கவிழ்ந்தது என்று அன்றே பேசத் தொடங்கினார்கள். நான் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. யானையைக் கண்ட குழந்தை எழுந்து ஓடத்தான் செய்யும். அந்த மகிழ்ச்சியைக் கொடுத்தவர் கடவுள். ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்ததும் கவிழ்ந்துவிடுகிற படகைத் தண்ணீரில் விட்டிருக்கக் கூடாது. இறந்துபோனவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவது பிலாத்து செய்த வேலை. நோவாவின் பேழைக்கு நீளம், அகலம், உயரம் எல்லாம் கடவுள் அளந்து கொடுத்தார், உள்ளும் புறமும் கீல் பூசச் சொன்னார். உயிர்களை ஏற்றிச் செல்கிற எதையும் அந்த அக்கறையோடு செய்ய வேண்டும். வேன் ஓட்டுகிற தம்பிமார், பள்ளிக்கு ஆட்டோவில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிறவர்கள், தோட்ட வேலைக்கு ஜீப்பில் பெண்களை ஏற்றி மலைக்கு அனுப்புகிறவர்கள், எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஏரியில் படகில் ஏறும் எல்லாரும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். வேர்க்கிறது, படத்தில் நன்றாக விழாது என்று கழற்றாதீர்கள்.

இதுவரை கேட்ட பலருக்கு உள்ளே ஒரு கேள்வி இருக்கும். எனக்குத் தெரியும். "ஃபாதர், யானையைப் படகில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அழகாகத்தான் இருக்கும். எங்கள் தென்னந்தோப்புக்குள் வந்தால் தெரியும்."

நியாயம். 2023-இல் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மேகமலைப் பக்கம் நடந்து, மே 27 அன்று கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போட்டார்கள். தெருக்கள் அடைந்து கிடந்தன. யானை தாக்கிய ஒருவர் பிழைக்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாள்களில் அந்த யானையை விளையாட்டு வீரனைப் போலக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள், சுட்டுக் கொல்லுங்கள் என்றவர்களும் இருந்தார்கள். உயிரிழந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

மாற்கு நற்செய்தியில் அந்த விலங்குகள் வீட்டு ஆடுகளாக மாறவில்லை. அவை காட்டு விலங்குகளாகவே இருந்தன. காட்டை நேசிக்கச் சொல்லும் மறையுரை, காட்டின் ஓரத்தில் வாழ்கிறவனின் பயத்தை மதிக்காவிட்டால் அது பொய்யுரை. ஏரிக்கரையில் செந்நாய்க் கூட்டம் மிளாவைத் தண்ணீருக்குள் விரட்டிக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படைப்பு என்பது நாம் வரைந்த கிறிஸ்துமஸ் குடில் கிடையாது. அதில் பசியும் ரத்தமும் உண்டு. கடவுள் அதைத் தெரிந்தேதான் உடன்படிக்கைக்குள் சேர்த்தார். யோபு நூலின் முடிவில் கடவுள் யோபுவிடம் காட்டு விலங்குகளைப் பற்றியே அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார். அவற்றின் பேறுகாலத்தை, பசியை, திரியும் மலைகளைப் பற்றியெல்லாம் கேட்கிறார். யோபுவின் துன்பத்துக்கு நேரான விடை அதில் இல்லை. ஆனால் தன் துன்பத்தைவிடப் பெரிய உலகம் ஒன்றைக் கடவுள் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று யோபு கண்டார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த மனிதரிடம் அப்படிப் பேசிய கடவுள், பயிரை இழந்தவனிடம் பேசாமல் இருக்கமாட்டார். நம் மூலமாகப் பேசுவார். அதற்கு நாம் ஒத்துழைக்க வேண்டும்.

ஆகவே பங்குப் பேரவையோடு பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இந்தத் தவக்காலச் சேமிப்பு உண்டியலில் சேரும் பணத்தில் ஒரு பகுதி, மலையடிவாரத்தில் யானையாலும் பன்றியாலும் பயிர் இழந்த குடும்பங்களுக்குப் போகும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பார்க்கப் போவதில்லை. ஈஸ்டருக்கு முன் அவர்கள் வீடுகளுக்கு நாமே நேரில் போவோம்.

இன்றைய நற்செய்தியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். நாற்பது நாள் முடிந்து கலிலேயாவுக்கு வந்த ஆண்டவரின் முதல் அழைப்பு, மனம் மாறுங்கள் என்பது. மனமாற்றத்துக்குப் புனிதர் வரலாற்றில் எடுத்துக்காட்டு தேடவேண்டாம். அதே ஏரிக்கரையில் இருக்கிறது.

குமுளிப் பக்கத்தில் வயனா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்த ஆட்கள் இருந்தார்கள். வயனா நம் இலவங்கப்பட்டையின் உறவு. இரவில் காட்டுக்குள் போவது, நாள்கணக்கில் ஒளிந்திருப்பது, வனத்துறையைக் கண்டால் ஓடுவது, மாட்டினால் வழக்கு, சிறை. அவர்கள் செய்தது குற்றம்தான். ஆனால் அந்தப் பட்டையில் பெரிய லாபம் பார்த்தவர்கள் வேறு யாரோ. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தால் காட்டைக் காக்கும் வேலை, அதிலேயே பிழைப்பு என்று வழி திறந்தார்கள். அவர்கள் வந்தார்கள். எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகும், திருடுகிறவன் எங்கே ஒளிவான், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? திருடும்போது கற்றதையெல்லாம் காவலுக்குப் பயன்படுத்தினார்கள். பயணிகளை மூங்கில் மிதவையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பறவையையும் யானைத் தடத்தையும் காட்டிக் கொடுக்கும் வழிகாட்டிகளானார்கள். அங்கே பழங்குடியினரான மன்னான், பளியர் மக்களும் இந்தக் காவலிலும் வழிகாட்டும் வேலையிலும் இருக்கிறார்கள். காட்டை நமக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள்.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. 2002 முதல் அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் வசந்த சேனை என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, முறை வைத்துக் காட்டுக்குள் காவல் சுற்றி வருகிறார்கள். கூலி கிடையாது. வீட்டில் அடுப்பு வேலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை, அதற்குப் பிறகு இது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கு இறையியல் பேசத் தெரியாமல் இருக்கலாம். படைப்பைப் பேணும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் உலகத்துக்கே சுற்றுமடல் எழுதினாரே, அதைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அவர்கள் பத்தாண்டுக்கு மேலாக ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார்கள்.

மனமாற்றம் என்றால் அழுவது, மார்பில் அடித்துக்கொள்வது என்று நினைக்கிறோம். அந்தப் பட்டை உரித்தவர்கள் கைத்தொழிலை மாற்றினார்கள். கால் போன பாதையிலேயே வேறு நோக்கத்தோடு நடந்தார்கள். நம்மிலும் மலையில் தீ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். புல் நன்றாக முளைக்கும் என்று வைக்கிறார்கள், பீடியை அணைக்காமல் போடுகிறார்கள். கம்பியில் திருட்டு மின்சாரம் விட்டு வேலி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்றிக்குப் பழத்தில் வெடி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததை யானைக் குட்டியும் தின்னும், அடுத்த வீட்டுப் பையனும் மிதிப்பான். யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். இதுவும் பாவம்தான். உடன்படிக்கைக்கு எதிரான பாவம்.

மே மாதம் மறைக்கல்விப் பிள்ளைகளைத் தேக்கடிக்கு அழைத்துப் போகிறோம். பெற்றோரிடம் சில வார்த்தை. நொறுக்குத்தீனிப் பொட்டலங்களைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். சாப்பாட்டைக் கரையிலேயே முடித்துவிடுவோம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். காலை முதல் படகுக்குப் போவதாக ஏற்பாடு, அதனால் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். படகில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழக்கூடாது, பேசக்கூடாது. ஒன்றரை மணி நேரம் பேசாமல் இருக்கப் பிள்ளைகளால் முடியுமா என்று சிரிக்கிறீர்கள். முடியும். பெரியவர்களைவிட நன்றாகவே முடியும். திரும்பி வந்ததும் "யானை பாத்தியா?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்று கேளுங்கள். சொல்ல விடுங்கள். பாம்புத்தாராவின் கழுத்தைப் பற்றி அவன் கால்மணி நேரம் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

இன்றைய மன்றாட்டில் நான்கு கருத்துகளைச் சேர்த்திருக்கிறோம். 2009-இல் அந்த ஏரியில் இறந்தவர்களுக்காகவும், அணை கட்டும்போது மாண்ட கூலியாட்களுக்காகவும், இந்தக் கோடையில் காட்டுத்தீயோடு போராடப் போகும் வாச்சர்களுக்காகவும், தண்ணீர் தேடி இறங்கி வரும் விலங்குகளுக்காகவும் வேண்டுவோம். கடைசிக் கருத்தை மறைக்கல்விப் பிள்ளைகள் வந்து வாசிப்பார்கள். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் மேல் நமக்குள்ள நம்பிக்கையை இப்போது எழுந்து நின்று அறிக்கையிடுவோம்.